வார்டில் தொடங்கும் நடைபயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு நிதி திரட்ட நடைபயணம் நடத்துவது பற்றி வந்தவற்றில் ஏழு கடிதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அத்தகைய வார்டுகளில் பணிபுரியும் செவிலியர், மருத்துவமனைச் சமூகப் பணியாளர், நடைபயண ஏற்பாட்டாளர் ஆகிய மூவரும் கலந்து பேசிப் பதில் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: நண்பர்கள் 15 பேர் சேர்ந்து 5 கி.மீ. நடைபயணம் நடத்த நினைக்கிறோம். 300 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

பதில்: முதலில் வார்டுக்குப் போங்கள். பல குழுக்கள் தேதி குறித்து, போஸ்டர் ஒட்டி, டி-ஷர்ட்டும் அச்சடித்துவிட்டுக் கடைசியில்தான் மருத்துவமனைப் படியேறுகின்றன. அப்போது, 'எங்கள் பெயரில் வசூலிக்க நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்' என்று சொல்வார்கள். அல்லது, போஸ்டரில் நீங்கள் போட்டிருக்கும் கருவி அங்கே ஏற்கெனவே இருக்கும். மக்களிடம் ஒன்றைச் சொல்லி வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவிடுவது தவறு, பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம்.

பார்க்க வேண்டியவர்கள் மூவர்: பிரிவின் தலைமை மருத்துவர், வார்டின் பொறுப்புச் செவிலியர், சமூகப் பணியாளர். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் நீளமான பட்டியல் வரும். 'போன மாதம் எது இல்லாததால் ஒரு குழந்தையின் சிகிச்சை தள்ளிப்போனது?' என்று கேளுங்கள். மருத்துவர் ஒரு மருந்தைச் சொல்லலாம், செவிலியர் மருந்து செலுத்தும் பம்ப் போதவில்லை என்பார், சமூகப் பணியாளர் வண்டிச் செலவுக்கு வழியில்லாமல் வராமல் போன குடும்பத்தைப் பற்றிச் சொல்வார். மூன்றையும் கேட்ட பிறகு நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு நிர்வாகம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். எந்தக் கணக்கில் பணம் சேர வேண்டும், மருத்துவமனையின் பெயரையும் சின்னத்தையும் எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.

12 வாரத்தில் முதல் இரண்டு வாரம் இதற்கே போகும். மூன்றாவது வாரம் பாதையை முடிவு செய்து, காவல்துறைக்கும் சாலையைப் பராமரிக்கும் அமைப்புக்கும் விண்ணப்பியுங்கள். அனுமதிதான் எல்லாவற்றையும்விடத் தாமதமாகும், அது கைக்கு வரும்வரை தேதியை அச்சில் ஏற்ற வேண்டாம். ஐந்தாவது வாரம் பதிவைத் தொடங்கலாம். பத்தாவது வாரம், நடைபயணம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், பத்துப் பேர் சேர்ந்து பாதை முழுவதும் நடந்து பாருங்கள். பிற்பகலில் ஆளில்லாமல் இருந்த தெருவில் காலையில் சரக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்பது அப்போதுதான் தெரியவரும்.

கேள்வி: திரட்டும் பணத்தில் வார்டுக்கு டிவி, பொம்மை, ஏ.சி. வாங்கித் தரலாம் என்று எங்கள் குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருந்தால் நன்கொடையாளருக்கும் திருப்தி. சரிதானா?

பதில்: அந்த எண்ணம் புரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத செலவுதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது. குழந்தைகளுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் ரத்தப் புற்றுநோய். அதில் பெரும்பான்மையான வகைக்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை நீளும். முதல் சில மாதங்கள் கடுமையானவை. பிறகு குழந்தை வீட்டிலிருந்து வந்து போகும். அந்தக் காலத்தில் பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டிருப்பார், கையிருப்பு கரைந்திருக்கும், குழந்தையோ பார்வைக்கு நன்றாகத் தேறியிருக்கும். சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தினால் நோய் திரும்ப வரும், திரும்பி வந்ததைக் குணப்படுத்துவது பல மடங்கு கடினம். எனவே பயணச் செலவு, மருத்துவமனை அருகே தங்கும் அறை, கூட வருபவருக்குச் சாப்பாடு ஆகிய மூன்றும் மருந்துக்குச் சமம்.

சிறியதாகத் தெரியும் ஒன்றைச் சொல்கிறோம். புற்றுநோய்க்கான கீமோ மருந்து கொடுத்து ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள், கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் வந்தால் அது அவசரநிலை. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். நள்ளிரவில் உடம்பு சுடுகிறது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, 'விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம்' என்று காத்திருந்தால் அந்தக் காத்திருப்பே உயிரைப் பறித்துவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், எத்தனை டிகிரியில் கிளம்ப வேண்டும் என்று வார்டே எழுதிக் கொடுத்த ஓர் அட்டை, நள்ளிரவு வண்டிக்கான தொகை அடங்கிய உறை: இந்த மூன்றுக்கும் நிதி திரட்டிய நடைபயணம் பெரிய காரியம் செய்திருக்கிறது என்போம்.

கருவிதான் வாங்குவதென்றால் விலையோடு இன்னும் நான்கு விஷயம் கேளுங்கள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பை எடுத்துக்கொள்வோம். பல பம்புகளில் அதே நிறுவனத்தின் குழாய்தான் பொருந்தும். குழாய் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள். ஓராண்டுக் குழாய்க்குப் பணம் இல்லையென்றால் பம்ப் அலமாரியில் தூங்கும். பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், பழுது பார்ப்பவர் எங்கிருந்து வர வேண்டும், அளவு சரிபார்ப்பு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பவை மற்ற மூன்று. காற்று வடிகட்டும் கருவியும் இப்படித்தான், வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் வெறும் மின்விசிறி. பத்துக் கருவிக்கான பணம் சேர்ந்தால் ஆறு வாங்கி, மீதியைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள்.

பொம்மை என்றால் புதிதாக, உறை பிரிக்காததாக, ஈரத் துணியால் துடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பஞ்சு பொம்மை தூசியையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பூங்கொத்தும் மண் தொட்டியும் வேண்டவே வேண்டாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது, எதிர்ப்பு சக்தி இழந்த குழந்தையின் நுரையீரலைத் தாக்கும்.

கேள்வி: நடைபயணத்தை நேராக வார்டுக்குள் கொண்டுபோய் முடித்து, குழந்தைகள் முன்னிலையில் காசோலை தர விரும்புகிறோம். சிகிச்சையில் இருக்கும் சில குழந்தைகளையும் முன்வரிசையில் நடக்கவைக்கலாமா?

பதில்: வார்டுக்குள் கூட்டமாகப் போக வேண்டாம். நடந்து வந்த 300 பேரில் இருவருக்காவது சளி இருக்கும். அம்மையோ இன்னும் ஆபத்து. சின்னம்மை கண்டவர் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார், ஆகவே 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது. நமக்குப் பத்து நாள் தொந்தரவாக வந்து போகும் நோய், கீமோவில் இருக்கும் குழந்தையின் நுரையீரலிலும் ஈரலிலும் பரவி உயிருக்கே உலை வைக்கும். காசோலையை நிர்வாக அலுவலகத்திலோ திறந்த முற்றத்திலோ இருவர் சென்று கொடுங்கள்.

எந்தக் குழந்தை வரலாம் என்பதை அதன் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் அந்த வாரத்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்து. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போயிருந்தால் தொற்று அபாயம் மிக அதிகம். போன மாதம் ஓடியாடிய குழந்தைக்கு இந்த வாரம் அந்த எண் சரிந்திருக்கலாம். எனவே குழந்தையின் வருகையை விளம்பரத்தில் போடாதீர்கள். வர முடியாமல் போனால் குழந்தைக்கும் ஏமாற்றம், பெற்றோருக்கும் சங்கடம். சிகிச்சை முடித்து ஆண்டுகள் ஆன, வளர்ந்துவிட்ட பிள்ளைகள் விரும்பினால் முன்னால் நடக்கட்டும். குழந்தைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளைக் கூப்பிடுங்கள். வீட்டின் கவனமெல்லாம் நோயாளிப் பிள்ளையின் மேலேயே இருக்க, ஓரமாக ஒதுங்கி நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று ஒரு வேலை கொடுத்தால் முகம் மலர்ந்து செய்வார்கள்.

படம் எடுப்பது தனி விஷயம். பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், விவரம் தெரிந்த வயதுக் குழந்தையானால் அதன் சம்மதமும் வேண்டும். 'முடியாது என்று சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது' என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உதவி பெறும் நிலையில் இருப்பவர்கள் மறுக்கத் தயங்குவார்கள். கேட்பது மருத்துவமனை ஊழியராக இருக்கட்டும், உங்கள் குழுவினர் நேரடியாகக் கேட்க வேண்டாம். படத்தை வெளியிடும் முன் பெரிதாக்கிப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டையில் பெயரும் நோயாளி எண்ணும் இருக்கும், தலைமாட்டில் தொங்கும் அட்டையில் நோயின் பெயர் இருக்கும், பின்னால் பக்கத்துக் கட்டில் குழந்தையின் முகம் விழுந்திருக்கும். மொட்டைத் தலையும் கண்ணீருமாக எடுத்த படம் பணம் கொண்டுவரும் என்பது உண்மைதான். அந்தக் குழந்தை பிழைத்து, பதினெட்டு வயதில் அந்தப் படத்தை இணையத்தில் பார்க்க நேரும் என்பதையும் நினையுங்கள்.

கேள்வி: உண்டியல், க்யூஆர் கோடு, கி.மீ. கணக்கில் வாக்குறுதி என மூன்று வழியிலும் வசூலிக்கப் போகிறோம். கணக்கில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பதில்: முதல் காசு வரும் முன்பே தனி வங்கிக் கணக்கு வேண்டும், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு. ஒருவருடைய சொந்தக் கணக்கில் 'தற்காலிகமாக' வாங்கிக்கொள்வதுதான் எல்லாச் சச்சரவுக்கும் வேர். அவர் நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய வீட்டுச் செலவும் நன்கொடையும் ஒரே பட்டியலில் கலந்துவிடும், பிறகு பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

உண்டியல்களுக்கு எண் போட்டு, மூடியின் மேல் முத்திரைத் தாள் ஒட்டி, யாரிடம் எந்த எண் என்று கையெழுத்து வாங்குங்கள். முடிந்ததும் அதே இடத்தில், அதே நாளில், உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். எந்த நோட்டு எத்தனை, எந்த நாணயம் எத்தனை என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அந்தத் தொகையில் ஒரு காசுகூட எடுக்காமல் முழுவதையும் வங்கியில் கட்டுங்கள். தண்ணீர் வாங்கியதற்கு உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தோம் என்று ஆரம்பித்தால் கணக்கு அன்றே கெட்டது. செலவுக்கு வேறு கைப்பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூஆர் கோடு ஒட்டிய இடத்தில் அதன் மேலேயே வேறொரு கோடை ஒட்டிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உண்டு. க்யூஆர் கோடை விளம்பரத் தட்டியிலேயே அச்சிடுங்கள். திரையில் என்ன பெயர் வர வேண்டும் என்று பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒரு தன்னார்வலர் அரை மணிக்கொரு முறை சின்னத் தொகை அனுப்பிச் சோதிக்கட்டும்.

கி.மீ. கணக்கு வாக்குறுதி உற்சாகம் தருவது, ஆனால் நடைபயணம் முடிந்த பிறகு கேட்டு வாங்க வேண்டியிருப்பதால் ஒரு பகுதி வராமலே போகும். 5 கி.மீ. போன்ற சிறிய தூரத்துக்கு 'முடித்தால் இவ்வளவு' என்று மொத்தமாகச் சொல்லி முன்கூட்டியே வாங்குவது நல்லது. வரிச்சலுகை ரசீதைப் பதிவு பெற்ற அமைப்புதான் தர முடியும். உங்கள் குழு பதிவு பெறவில்லை என்றால் அப்படி ஒரு சொல்கூட விளம்பரத்தில் வரக் கூடாது. மருத்துவமனையின் அறக்கட்டளைக் கணக்குக்கே பணம் நேராகப் போகும்படி ஏற்பாடு செய்ய முடிந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இன்னொன்று: இலக்கைவிட அதிகம் சேர்ந்தால் என்ன, குறைந்தால் என்ன, மழையில் ரத்தானால் பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றைப் பதிவுப் படிவத்திலேயே மூன்று வரியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: 300 பேருக்குத் தண்ணீர், முதலுதவி, தன்னார்வலர் எவ்வளவு தேவை?

பதில்: 5 கி.மீ. நடக்கப் பெரியவருக்கு ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். குழந்தைகளும் முதியோரும் கலந்த கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் தொடக்கத்திலும், பாதி வழியிலும், முடிவிலும் கிடைக்க வேண்டும். ஒருவருக்கு ஓரிடத்தில் 200 மி.லி. என்று வைத்தால் மூன்று இடத்துக்கு 300 பேருக்கு 180 லிட்டர். வெயில், சிந்துவது, தன்னார்வலர் குடிப்பது எல்லாம் சேர்த்து 240 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாகச் சமமாகப் பிரிக்காமல் முடிவிடத்தில் கூடுதலாக வையுங்கள், அங்கேதான் இரண்டு மூன்று டம்ளர் குடிப்பார்கள். தண்ணீர் மேசையைத் திருப்பத்தில் போடக் கூடாது. கூட்டம் அங்கே நின்று, பின்னால் வருபவர்கள் சாலையில் இறங்கிவிடுவார்கள். திருப்பம் தாண்டி 50 மீட்டர் தள்ளி, நீளவாக்கில் இரண்டு மூன்று மேசையாகப் போடுங்கள். குப்பைத் தொட்டி மேசைக்குப் பக்கத்தில் வேண்டாம், நடந்துகொண்டே குடித்து முடிக்கும் தூரத்தில், ஐம்பது அறுபது அடி தள்ளி இருக்கட்டும்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒருவர், சாலை கடக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் இருவர். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் தன்னார்வலருக்குக் கிடையாது, அது காவலரின் வேலை. தன்னார்வலர் நடப்பவரை நிறுத்தி வைத்தால் போதும். கடைசி ஆளுக்குப் பின்னால் இருவர் நடந்து வர வேண்டும். அவர்கள் தாண்டிய பிறகே அந்தந்த இடத்துத் தன்னார்வலர் கலையலாம். இந்தக் கடைசி இருவரைப் போட மறக்கும் குழுக்கள் நிறைய. முன்னால் போனவர்கள் மேடையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் ஆளில்லாத சந்திப்பில் வழி தெரியாமல் நிற்பார்.

ஒருவரின் இதயம் திடீரென நின்றுபோனாலும் உதவத் தயாராக இருங்கள். இதயம் நின்றவருக்கு மின்அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த மின்அதிர்ச்சியைத் தரும் ஏ.இ.டி. கருவி கிடைத்தால் பாதையின் நடுவில் வையுங்கள், சைக்கிளில் ஒருவர் எடுத்துக்கொண்டு விரையலாம். தன்னார்வலர் அனைவரும் நெஞ்சை அழுத்தப் பழகியிருக்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம். வெயிலில் ஒருவர் தள்ளாடி, பேச்சு குழறினால் அது சாதாரண மயக்கமாக இருக்காது. நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

கேள்வி: போன முறை 200 பேர் பதிவு செய்து 110 பேர்தான் வந்தார்கள். டி-ஷர்ட் மூட்டையாக மிஞ்சிவிட்டது.

பதில்: இலவசப் பதிவில் இது வழக்கம். சிறு கட்டணம் வையுங்கள். ஐந்தைந்து பேராகக் குழுப் பதிவு வாங்குங்கள், ஒருவரை ஒருவர் இழுத்து வருவார்கள். டி-ஷர்ட் வேண்டும் என்பவர் தனியாகப் பணம் கட்டிப் பதியட்டும், மற்றவர்க்கு மார்பில் குத்தும் அட்டை போதும். அட்டையின் முன்பக்கம் 'நான் யாருக்காக நடக்கிறேன்' என்று எழுத இடம் விடுங்கள். பின்பக்கம் பற்றி அடுத்த பதிலில்.

கேள்வி: இவ்வளவு ஓட்டம், இவ்வளவு செலவு. அவரவர் பணத்தை நேராக மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் என்ன? நடப்பதால் நோய் குணமாகுமா?

பதில்: நியாயமான கேள்வி. வழக்கமாகக் கொடுக்கும் அதே முப்பது பேர்தான் வருவார்கள் என்றால் நடைபயணம் வேண்டாம், நேராக அனுப்புங்கள். இதுவரை கொடுக்காதவர்களை அழைத்து வரும்போதுதான் நடைபயணத்துக்குப் பொருள். 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், மருத்துவமனையில் உடனிருந்த நோயாளிகளின் துயரத்தைப் பார்த்து, 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். முதல் நாட்களில் பல ஊர்களில் அவரைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். 143 நாளில் 5,373 கி.மீ. ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. 1981 பிப்ரவரியில் தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டி அது நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூன் 28 அன்று, 22 வயதில் இறந்தார். செப்டம்பரில் அவர் பெயரில் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். நேரடி நன்கொடைக் கடிதம் ஒன்று அத்தனை பேரைத் தெருவுக்கு வரவழைத்திருக்காது.

பணம் தவிர நடைபயணத்தில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, ரத்தம். கீமோ காலத்தில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். தானமாகப் பெற்ற தட்டணுக்களைச் சுமார் 5 நாள்தான் வைத்திருக்க முடியும், அதுவும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே. ஆண்டுக்கொரு நாள் பெரிய முகாம் நடத்தி இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க முடியாது. முடிவிடத்தில் ஒரு மேசை போட்டு, மாதவாரியாக முறைபோட்டு வரச் சம்மதிப்பவர் பெயரை ரத்த வங்கி ஊழியரே பதிவு செய்யட்டும்.

இரண்டாவது, அந்த அட்டையின் பின்பக்கம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் தாமதமாகக் கண்டுபிடிப்பது. ஆகவே அட்டையின் பின்னால் அறிகுறிகளை அச்சிடுங்கள்: காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே தோன்றும் கன்றிய தழும்பு, இரவில் எழுப்பும் எலும்பு வலி, வயிற்றிலோ கழுத்திலோ கட்டி, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் ஒளிர்ந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். 'இவை பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணத்தால் வருபவை, ஆனால் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்' என்ற வரியும் கூடவே இருக்க வேண்டும், வீண் பீதி வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் வார்டு மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அட்டை கசங்காத தாளாக இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துப் போய் அலமாரிக் கதவில் ஒட்டிவைக்கும்படி.